டெலி லென்ஸ் இருந்தும் பட்டாம்பூச்சி ஃபோகஸ் ஆகலையா? 'எக்ஸ்டென்ஷன் டியூப்' செய்யும் வேலை என்ன? முழு விவரம்

கிட்டப் போனால் பறந்துவிடும். எட்ட நின்றால் புள்ளியாகத்தான் தெரியும். குமரி மாவட்டத்தில் கேமராவோடு வயல்வரப்பிலும் குளத்தங்கரையிலும் சுற்றும் பலருக்கும் இதுதான் தீராத தலைவலி. பறவைக்காக வாங்கிய 400, 500, 600 மி.மீ. டெலி லென்ஸ் கையில் இருக்கும். தூரத்தில் நிற்கும் நாரையை அழகாக எடுத்துவிடலாம். ஆனால் காலடியில் இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தால்? லென்ஸ் முன்னும் பின்னும் தவித்துவிட்டு, 'முடியாது' என்று நின்றுவிடும்.

இதற்காகத் தனியாக ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டும் என்றால் பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும். அதைவிட மிகக் குறைந்த விலையில், கண்ணாடியே இல்லாத ஒரு வெற்று வளையம் இந்தப் பிரச்சனையைப் பெருமளவு தீர்க்கும். அதன் பெயர்தான் 'எக்ஸ்டென்ஷன் டியூப்'. அது என்ன? எப்படி வேலை செய்கிறது? எங்கே உதவும், எங்கே உதவாது? பார்க்கலாம்.

டெலி லென்ஸால் ஏன் கிட்டப் பார்க்க முடியவில்லை?

ஒவ்வொரு லென்ஸுக்கும் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' என்று ஒன்று உண்டு. அந்தத் தூரத்தைவிடக் கிட்ட இருக்கும் பொருளை அந்த லென்ஸால் தெளிவாகப் பிடிக்க முடியாது. டெலி லென்ஸ்கள் தூரத்துப் பொருளுக்காகவே வடிவமைக்கப்படுபவை என்பதால், இந்தத் தூரம் அவற்றில் அதிகமாக இருக்கும்.

சில உதாரணங்கள்:

• கேனான் இஎஃப் 400 மி.மீ. எஃப்/5.6 – 3.5 மீட்டர்
• கேனான் ஆர்எஃப் 600 மி.மீ. எஃப்/11 – 4.5 மீட்டர்
• சிக்மா 150-600 மி.மீ. கன்டெம்பரரி – 2.8 மீட்டர்
• சோனி 200-600 மி.மீ. – 2.4 மீட்டர்
• நிகான் 200-500 மி.மீ. – 2.2 மீட்டர்

அதாவது, கேனான் 400 மி.மீ. லென்ஸோடு நிற்பவர் ஒரு பட்டாம்பூச்சியை எடுக்க வேண்டுமென்றால், அதிலிருந்து குறைந்தது பதினொன்றரை அடி தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தால் படத்தில் பட்டாம்பூச்சி சின்னதாகத்தான் விழும்.

எக்ஸ்டென்ஷன் டியூப் என்றால் என்ன?

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் ஒரு வெற்றுக் குழாய். அவ்வளவுதான் மேட்டர். உள்ளே கண்ணாடி கிடையாது, காற்றுதான். அதன் ஒரே வேலை, லென்ஸை சென்சாரிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வைப்பது.

பொதுவாக 10, 12, 16, 20, 25, 36 மி.மீ. நீளங்களில் இவை கிடைக்கின்றன. கென்கோ நிறுவனத்தின் பிரபலமான தொகுப்பில் 12, 20, 36 மி.மீ. என மூன்று வளையங்கள் உண்டு. தனித்தனியாகவும் மாட்டலாம்; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் மாட்டலாம்.

தள்ளி வைத்தால் எப்படிக் கிட்டத் தெரியும்?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பகல் நேரத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே ஒரு பூதக்கண்ணாடியைப் பிடியுங்கள். குறிப்பிட்ட ஒரு தூரத்தில், வெளியே நிற்கும் தென்னைமரம் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். இப்போது அறையை இருட்டாக்கி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அதன் பிம்பத்தைச் சுவரில் விழ வைக்கப் பாருங்கள். பூதக்கண்ணாடியை முன்பிருந்த இடத்திலேயே பிடித்தால் பிம்பம் மங்கலாகத்தான் இருக்கும். சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கினால்தான் சுடர் தெளிவாக விழும்.

பொருள் கிட்ட வர வர, லென்ஸ் சுவரை விட்டு விலக வேண்டும். இதுதான் விதி. கேமராவில் சுவருக்குப் பதில் சென்சார். லென்ஸுக்குள் இருக்கும் ஃபோகஸ் அமைப்பு ஓரளவுதான் நகரும். அதற்கு மேல் வேண்டிய விலகலை வெளியிலிருந்து கொடுப்பதுதான் எக்ஸ்டென்ஷன் டியூப்.

கணக்கு என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 'உருப்பெருக்கம்' என்ற சொல்லை முதலில் பிடித்துக்கொள்வோம். 4 செ.மீ. தட்டான் சென்சாரில் 4 செ.மீ. அளவிலேயே விழுந்தால் உருப்பெருக்கம் 1. சென்சாரில் 1 செ.மீ. அளவில் விழுந்தால் 0.25.

டியூப் மாட்டுவதால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கத்தை எளிதாகக் கணக்கிடலாம்:

டியூபின் நீளம் ÷ லென்ஸின் குவியத்தூரம்

25 மி.மீ. டியூபை 50 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 25 ÷ 50 = 0.5. பெரிய முன்னேற்றம். அதே டியூபை 400 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 25 ÷ 400 = 0.06. ரொம்பக் குறைவு!

இது ஒரு தோராயக் கணக்கு. இன்றைய டெலி லென்ஸ்கள் பலவும் கிட்ட ஃபோகஸ் செய்யும்போது உள்ளுக்குள் குவியத்தூரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்கின்றன. அதனால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

அப்போ டெலி லென்ஸில் மாட்டி என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. பதில் ஒரே சொல்: தூரம்.

50 மி.மீ. லென்ஸில் டியூப் மாட்டினால் உருப்பெருக்கம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் லென்ஸின் முனை பூச்சியின் மூக்குக்கு நேராகப் போய் நிற்க வேண்டும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸிலும் முழு உருப்பெருக்கத்துக்குப் போனால், லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு சாண்கூட மிஞ்சாது. அறுவடைக்குக் காத்திருக்கும் வயலில் வெயில் ஏறிய நேரத்தில் எந்தத் தட்டான் அதற்குச் சம்மதிக்கும்?

டெலி லென்ஸில் டியூப் மாட்டும்போது, பூச்சியை விட்டு ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்றே படம் எடுக்க முடியும். உங்கள் நிழல் அதன்மேல் விழாது. செடி அசையாது. பின்னணியும் கலங்கிய நீர்போல மெத்தென்று மங்கிவிடும். காரணம், டெலி லென்ஸ் பின்னணியில் மிகக் குறுகிய பகுதியைத்தான் படத்துக்குள் இழுக்கும்.

தமிழ் மறவனை வைத்து ஒரு கணக்கு

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-ல் அறிவிக்கப்பட்ட 'தமிழ் மறவன்' மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. இறக்கை விரித்தால் சுமார் 6 முதல் 7.5 செ.மீ. இருக்கும். 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.

• 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் மட்டும்: உருப்பெருக்கம் 0.12. சென்சாரில் விழும் அளவு சுமார் 8 மி.மீ. படத்தின் அகலத்தில் கால்வாசிக்கும் குறைவு.

• அதோடு 25 மி.மீ. டியூப்: தோராயக் கணக்கில் 0.18. சென்சாரில் சுமார் 13 மி.மீ. படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 3.5 மீட்டர் என்றிருந்த குறைந்தபட்ச தூரம் சுமார் இரண்டரை மீட்டருக்கு இறங்கிவிடும்.

• 300 மி.மீ. எஃப்/4 ஐஎஸ் லென்ஸும் 36 மி.மீ. டியூபும்: அந்த லென்ஸின் சொந்த உருப்பெருக்கம் 0.24. டியூப் தருவது 0.12. மொத்தம் 0.36. சென்சாரில் 25 மி.மீ.! படத்தின் மூன்றில் இரண்டு பங்கைப் பட்டாம்பூச்சியே நிறைத்துவிடும்.

சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா என்றால் இன்னும் லாபம். அதன் அகலம் சுமார் 22 முதல் 24 மி.மீ.தான் என்பதால், அதே 13 மி.மீ. பிம்பம் படத்தின் பாதிக்கும் மேல் வந்துவிடும்.

பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் என்ன செய்வது?

கல்லூரி மாணவர்கள் பலரிடம் இருப்பது கேமராவோடு சேர்ந்து வந்த 55-250 மி.மீ. போன்ற சிறிய ஜூம் லென்ஸ்தான். கவலை வேண்டாம். கேனான் 55-250 எஸ்டிஎம் லென்ஸின் உருப்பெருக்கம் 0.29. பெரிய பட்டாம்பூச்சிக்கு டியூபே தேவையில்லை. 4 செ.மீ. தட்டானுக்கு 36 மி.மீ. டியூபை மாட்டினால் உருப்பெருக்கம் 0.43-க்கு வரும். ஏபிஎஸ்-சி சென்சாரில் தட்டான் 17 மி.மீ. அளவுக்கு விழும். படத்தின் முக்கால் பங்கு!

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டியூப் மாட்டிய பிறகு ஜூம் வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸும் சேர்ந்து ஓடிவிடும். குவியத்தூரம் குறையக் குறைய, பூச்சியிடம் இன்னும் நெருங்கிப் போகவும் வேண்டியிருக்கும். எனவே ஜூமைக் கடைசி எண்ணில் வைத்துவிட்டு, முன்னும் பின்னும் நகர்ந்து ஃபோகஸ் பிடிப்பதே சுலபம்.

எதையெல்லாம் இழக்க வேண்டியிருக்கும்?

இலவசமாக எதுவும் வராது. டியூப் மாட்டினால் ஐந்து விஷயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

1. தூரத்துப் பார்வை போய்விடும்: டியூப் மாட்டிய லென்ஸால் கண்ணெட்டும் தூரம்வரை ஃபோகஸ் செய்ய முடியாது. 400 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் இருந்தால் சுமார் 7 மீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல்தான். தட்டானை எடுத்துக்கொண்டிருக்கும்போது குளத்தின் நடுவே அரிய பறவை இறங்கினால் வேடிக்கைதான் பார்க்க முடியும்; டியூபைக் கழற்றினால்தான் படம். அதே சமயம், 600 மி.மீ. லென்ஸில் 12 மி.மீ. டியூப் மட்டும் மாட்டினால் சுமார் 30 மீட்டர்வரை பிடிக்கும். மறைவிடத்தில் உட்கார்ந்து, ரொம்பக் கிட்ட வந்துவிடும் தேன்சிட்டை எடுப்பவர்களுக்கு இது வசதி.

2. வெளிச்சம் குறையும்: லென்ஸ் தள்ளிப்போவதால் ஒளி பரவிவிடுகிறது. ஆனால் டெலி லென்ஸில் இந்த இழப்பு மிகக் குறைவு. 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் என்றால் ஒரு ஸ்டாப்புக்கும் மேல் போய்விடும். 400 மி.மீ. லென்ஸில் ஒரு ஸ்டாப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போகாது.

3. தெளிவாக விழும் ஆழம் சுருங்கும்: இதுதான் பலரும் மறந்துவிடும் விஷயம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 0.2 உருப்பெருக்கத்தில் எஃப்/5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 செ.மீ. எஃப்/11-க்குப் போனால் சுமார் 2 செ.மீ. அவ்வளவே. தட்டானை எதிரே நின்று எடுத்தால் கண் தெளிவாக இருக்கும். வால் காணாமல் போகும்.

4. ஆட்டம் பெரிதாகத் தெரியும்: உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து கூடும். காற்றில் செடி ஆடுவதும் அப்படியே.

5. ஆட்டோஃபோகஸ் தடுமாறும்: குறைந்த வெளிச்சத்திலும், பூச்சிக்குப் பின்னால் புல் அடர்ந்திருக்கும்போதும் லென்ஸ் இலக்கைத் தவறவிடும். அப்போது கையால் ஃபோகஸ் செய்வதே மேல்.

மேக்ரோ லென்ஸ், டெலிகன்வெர்ட்டர், க்ளோஸ்-அப் லென்ஸ்... எது பெஸ்ட்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

• மேக்ரோ லென்ஸ்: எறும்பு, சிலந்தியின் கண், பட்டாம்பூச்சி முட்டை போன்றவற்றுக்கு இதுதான் சரி. டெலி லென்ஸும் டியூபும் சேர்ந்து இந்த இடத்தை நிரப்பாது. நாட்டின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்றான 'கிராஸ் ஜுவல்' இறக்கை விரித்தாலே சுமார் 2 செ.மீ.தான். 400 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் மாட்டினாலும் அது சென்சாரில் 4 மி.மீ.தான் விழும்.

• டெலிகன்வெர்ட்டர்: உள்ளே கண்ணாடி உண்டு. 1.4 மடங்கு கன்வெர்ட்டர் மாட்டினால் அதே தூரத்தில் நின்றபடி 0.12 உருப்பெருக்கம் 0.17 ஆகும். தூரத்துப் பார்வையும் போகாது. ஆனால் ஒரு முழு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும், எஃப்/5.6 லென்ஸ் எஃப்/8 ஆகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் எஃப்/8-ல் ஆட்டோஃபோகஸ் இயங்காது. விலையும் அதிகம்.

• க்ளோஸ்-அப் லென்ஸ்: ஃபில்டர் போல லென்ஸின் முன்னால் திருகும் கண்ணாடி. இதன் கணக்கு டியூபுக்கு நேர் எதிர். குவியத்தூரம் கூடக் கூட இதன் சக்தியும் கூடும். 2 டயாப்டர் கண்ணாடியை 400 மி.மீ. லென்ஸின் முன்னால் மாட்டினால் 0.8 அளவுக்கு உருப்பெருக்கம் கிடைக்கும். ஆனால் பூச்சியிலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள் போய்விட வேண்டும். தள்ளி நிற்கும் வசதி அங்கேயே போச்சு.

சுருக்கமாகச் சொன்னால், பட்டாம்பூச்சி, தட்டான், ஓணான், தவளை, நண்டு, சிறு பறவை போன்ற 'நடுத்தர அளவு' உயிர்களை நெருங்காமல் எடுக்க வேண்டும் என்றால் டெலி லென்ஸும் டியூபும் நல்ல ஜோடி. அதைவிடச் சிறியது என்றால் மேக்ரோ. தூரத்தில் இருப்பது என்றால் கன்வெர்ட்டர்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• மின் இணைப்புப் புள்ளிகள்: டியூபின் இரு பக்கமும் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாத மலிவு டியூபில் ஆட்டோஃபோகஸ் இயங்காது. பெரும்பாலான நவீன லென்ஸ்களில் அப்பெர்ச்சரையும் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையமே மின்சாரத்தில்தான் இயங்குகிறது. புள்ளிகள் இல்லாத டியூபில் அவற்றைக் கையால்கூட ஃபோகஸ் செய்ய முடியாது.

• மவுன்ட்: கேனான் இஎஃப், ஆர்எஃப், நிகான் எஃப், இஸட், சோனி இ என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டியூப். மாற்றி வாங்கினால் பொருந்தாது.

• உறுதி: ஒன்றரை, இரண்டு கிலோ லென்ஸை பிளாஸ்டிக் வளையத்தில் தொங்கவிடுவது ஆபத்து. உலோக மவுன்ட் உள்ளதையே எடுக்க வேண்டும். தூக்கும்போதும் ட்ரைபாடில் மாட்டும்போதும் லென்ஸின் காலரைத்தான் பிடிக்க வேண்டும். கேமராவைப் பிடித்து லென்ஸைத் தொங்கவிடக் கூடாது.

உள்ளே கண்ணாடி இல்லாததால், விலை உயர்ந்த டியூப் தெளிவான படத்தைத் தரும், மலிவானது மங்கலாகத் தரும் என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் கொடுப்பது உறுதிக்கும் மின் இணைப்புக்கும்தான்.

குமரியில் எங்கே, எப்போது?

இந்த மாவட்டத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே கை வைக்கும். மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் பஞ்சமே இருக்காது.

• சுசீந்திரம், தேரூர் குளங்கள்: சுமார் 94 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலத் தொகுதி 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காகப் பெயர் பெற்ற இடம் என்றாலும், கரையோரக் கோரையிலும் தாமரையிலும் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் உட்காரும். தண்ணீருக்குள் இறங்காமல் கரையில் நின்றே எடுக்க டியூப் உதவும்.

• மணக்குடி கழிமுகம்: பழையாறு கடலில் சேரும் இடம். அலையாத்திச் செடிகளின் அடியில் சேற்று வளைகளிலிருந்து எட்டிப்பார்க்கும் நண்டுகள், காலடி அதிர்வு கேட்டதும் உள்ளே போய்விடும். தள்ளி உட்கார்ந்து, லென்ஸைத் தரையோடு தாழ்த்தி, அசையாமல் காத்திருந்தால் அவை மறுபடி வெளியே வரும். டெலி லென்ஸ், டியூப் ஜோடிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

• தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரத்து வயல்களும் தோட்டங்களும்: வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியும் இட்லிப்பூவும்கூடப் போதும். தேன்சிட்டு, ஓணான், பட்டாம்பூச்சி எல்லாம் வாசலுக்கே வரும்.

• ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் நீங்கள் ஃபோகஸ் செய்யும் செடியையும் ஆட்டும். அந்தத் தூசியில் லென்ஸைக் கழற்றி டியூப் மாட்டினால் சென்சாரில் மண் ஒட்டுவது உறுதி. டியூபை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். இல்லையென்றால் காருக்குள் வைத்து மாற்றுங்கள்.

களத்தில் எப்படி எடுப்பது?

• அதிகாலையில் போங்கள். இரவுக் குளிரில் உடல் விறைத்திருக்கும் பூச்சிகள் வெயில் ஏறும்வரை அதிகம் பறக்காது. காற்றும் குறைவாக இருக்கும்.

• பூச்சியின் பக்கவாட்டுக்கு இணையாக சென்சார் இருக்கும்படி நில்லுங்கள். மூடிய இறக்கை முழுவதும் ஒரே தளத்தில் வருவதால் 1 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே எல்லாம் தெளிவாகிவிடும்.

• எஃப்/8 முதல் எஃப்/11 வரை வையுங்கள். ஷட்டர் வேகம் 1/500-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக ஐஎஸ்ஓ ஏறினாலும் பரவாயில்லை. கொஞ்சம் குருணை தெரியும் படத்தைச் சரிசெய்யலாம். ஆடிப்போன படத்தை எதுவும் செய்ய முடியாது.

• ட்ரைபாடு தூக்க முடியாதவர்களுக்கு ஒற்றைக்கால் மோனோபாடு போதும். தரையில் படுத்து எடுப்பவர்களுக்கு அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை அருமையான தாங்கு.

• முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு அடி, இன்னொரு படம். பூச்சி இறக்கையை அடிக்கத் தொடங்கினாலோ, ஓணான் தலையைத் தூக்கினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

• பாம்பு என்றால் இந்த விதி எதுவும் பொருந்தாது. வயலில் கண்ணாடி விரியனும் காட்டில் குழிவிரியனும் இருக்கும் ஊர் இது. லென்ஸ் தரும் தூரம், இன்னும் கொஞ்சம் நெருங்குவதற்கான அனுமதிச்சீட்டு அல்ல. டியூபைக் கழற்றிவிட்டு, தள்ளி நின்று எடுப்பதே சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

மாவட்டத்தின் மலைப்பகுதியில் சுமார் 400 சதுர கி.மீ. பரப்பு கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக உள்ளது. 2016-ல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்த அகத்தியமலைத் தொகுதியின் ஒரு பகுதி இது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 28-வது பிரிவின்படி, சரணாலயத்துக்குள் நுழையவும் படம் எடுக்கவும் வனத்துறையின் அனுமதி தேவை. கேமரா சின்னதா பெரிதா என்பது இதில் கணக்கில்லை.

சரணாலயத்துக்கு வெளியேயும் சட்டம் உண்டு. இதே சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கான விளக்கத்தில், பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால் மட்டும்தான் வேட்டை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கூட்டை மறைத்திருக்கும் கிளையை 'படம் தெளிவாக வரட்டும்' என்று ஒதுக்கிவிட்டால், காகமும் பூனையும் அந்த வழியைக் கண்டுகொள்ளும். தாய்ப்பறவை கூட்டைக் கைவிடவும் கூடும். ஒரு படத்தின் விலை ஒரு குஞ்சுக் கூட்டமாகிவிடும்.

பூச்சிகள் விஷயத்திலும் தவறான வழிகள் உலா வருகின்றன. பறக்காமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது, பசையால் ஒட்டுவது, தவளையைப் பிடித்துவந்து பூவின்மேல் உட்கார வைப்பது என்று பல. குளிரூட்டிய பூச்சி சரியாக மீளாமலே போகலாம். அப்படி எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது காட்டுயிர்ப் படம் ஆகாது.

கருவியைவிடக் கை முக்கியம்

இருக்கும் கருவியை வைத்துச் சமாளிப்பது தமிழ்நாட்டுக் காட்டுயிர் ஒளிப்படக் கலைக்குப் புதிதல்ல. திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்திருந்தார். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். அவர் படங்கள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அந்த விலங்குகளின் குணத்தையும் நடத்தையையும் அவர் அறிந்திருந்தது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

கையில் ஏற்கெனவே டெலி லென்ஸ் இருக்கிறது, பட்டாம்பூச்சியும் தட்டானும் எடுக்க ஆசை, மேக்ரோ லென்ஸுக்குப் பட்ஜெட் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். முதலில் உங்கள் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தையும் உருப்பெருக்கத்தையும் அதன் விவரக்குறிப்பில் பாருங்கள். டியூபின் நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்து, கிடைப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். எடுக்க நினைக்கும் உயிரின் அளவை அந்த எண்ணால் பெருக்குங்கள். சென்சாரில் பாதி நிறைகிறதா? போதும். கால்வாசிகூட வரவில்லையா? உங்களுக்குத் தேவை மேக்ரோ லென்ஸ்தான். டியூபில் காசைப் போட வேண்டாம்.

இந்த வளையம் வாங்கித் தருவது பெரிய படத்தை மட்டுமல்ல. பூச்சி பூவிலேயே இருக்க, நீங்கள் வரப்பிலேயே நிற்க, இருவருக்கும் நடுவே இரண்டு மீட்டர் மிச்சம் இருக்கும். படம் எடுத்து முடித்த பிறகும் அந்தப் பட்டாம்பூச்சி அதே பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்தால், எடுத்த விதம் சரி என்று அர்த்தம்.